மாலை ஆறு மணிக் கரண்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காற்றும் வெயிலும் இவ்வளவு இருக்கிற ஊரில் கரண்ட் பில் ஏன் குறையவில்லை, பவர் கட் ஏன் முழுசாக ஒழியவில்லை என்று வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் பலருக்கும் பொதுவான சிலவற்றை எடுத்து இந்த முறை பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கம் எந்தத் திசையில் பார்த்தாலும் காற்றாலைதான் சுற்றுகிறது. காற்றுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அப்புறம் ஏன் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது?
*வாசகர், உடுமலைப்பேட்டை*

நியாயமான கேள்வி, ஆனால் முதலில் ஒரு விஷயம். உங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளில் நிறைய மின்வாரியத்துடையவை கிடையாது, மின்வாரியத்துக்கு விற்பதற்காக வைத்தவையும் கிடையாது. கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகள் தங்கள் சொந்தத் தேவைக்காக நிறுத்தியவை அவை. ஆரல்வாய்மொழியிலோ பல்லடத்திலோ உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பி வழியாகக் கொண்டுபோய் ஆலையில் எடுத்துக்கொள்வார்கள். அதிலும் பழைய காற்றாலைகளுக்கு ஒரு வசதி இருந்தது, ஆடியில் மிஞ்சியதைக் கணக்கில் வைத்துவிட்டு மார்கழியில் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆலைகள் பிழைத்ததே இதனால்தான், நம் ஊர் நெசவுத் தொழில் நிற்பதற்கும் இது உதவியது, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஆடியில் போட்ட மின்சாரம் மார்கழி வரை கம்பிக்குள் உட்கார்ந்திருக்காது. மார்கழியில் அந்த ஆலைக்குக் கொடுக்க வேண்டிய யூனிட்டை மின்வாரியம் அன்றைக்கு நிலக்கரியிலோ வெளிச்சந்தையிலோ வாங்கித்தான் கொடுக்கிறது.

அடுத்தது காலம். தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி, கம்பம் கணவாய்கள் வழியாகவும் வீசுகிற காற்றில் 5,000 மெகாவாட்டைத் தாண்டிய நாட்கள் உண்டு. அதே காற்றாலைகள் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் சில நூறு மெகாவாட்டோடு நின்றுவிடும். சோலார் தினமும் வரும், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குள் படுத்துவிடும். அந்த நேரத்தில்தான் வீட்டில் விளக்கு, டி.வி., ஃபேன், ஏ.சி., கடைத்தெரு எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. ஆகவே காற்றாலையும் சோலாரும் எத்தனை வந்தாலும், அவை இல்லாத நேரத்துக்காக அனல் மின்நிலையத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கான நிலைக்கட்டணத்தை ஒப்பந்தப்படி கட்டியே தீர வேண்டும். அதையும் மீறிப் பற்றாக்குறை வந்தால் மின்சந்தையில் வாங்க வேண்டும். அங்கே ஒரு யூனிட்டுக்கு உச்சவரம்பு 10 ரூபாய் என்று 2023 முதல் இருக்கிறது, கோடைக்கால மாலைகளில் அந்த வரம்பு வரை விலை போய் முட்டும். அதே சந்தையில் மதியம் இரண்டு, மூன்று ரூபாய்க்கெல்லாம் மின்சாரம் கிடக்கும்.

இதன்மேல் கடன் வட்டி. மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது, அது பெருமளவுக்குச் சோலாரும் காற்றாலையும் கொண்டுவந்த கடன் அல்ல. பல ஆண்டுகள் கட்டணத்தையும் செலவையும் பொருத்தாமல் விட்டதும், 2008 முதல் 2013 வரையிலான மின்வெட்டுக் காலத்தில் கிடைத்த விலைக்கெல்லாம் மின்சாரம் வாங்கியதும் சேர்ந்து உருவான சுமை. உங்கள் பில்லில் காற்றின் விலை மிகச் சிறிய பகுதி. காற்று இல்லாத நேரத்தின் விலையையும் பழைய வட்டியையும்தான் நீங்கள் கட்டுகிறீர்கள். ஆகவே யாராவது "சுத்தமான மின்சாரம் வந்ததால்தான் விலை ஏறியது" என்று சொன்னால், எந்த மணி நேரத்து விலையைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

போன முறை 1,800 ரூபாய் சுமாருக்கு வந்த பில், இந்த முறை 2,100-ஐத் தாண்டிவிட்டது. மீட்டரைப் பார்த்தால் பத்து யூனிட்தான் அதிகம். பத்து யூனிட்டுக்கு முந்நூறு ரூபாயா?
*வாசகி, மதுரை*

ஆமாம், கணக்கு சரிதான், மீட்டரில் தப்பில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. அதற்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. இது 2024 ஜூலையில் வந்த கட்டணம், 2025-இல் வந்த உயர்வை வீடுகளுக்கு மட்டும் அரசே ஏற்றுக்கொண்டது. இதன்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய் அடுக்கே உங்களுக்குக் கிடையாது, 101-இலிருந்தே 4.70 ஆகிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு 8.40. ஆக 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடியது இப்படித்தான்.

அந்தப் பத்து யூனிட்டைக் குறைக்க வழி இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30, 35 வாட்டில் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரே ஒரு ஃபேனை மாற்றினாலும் இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 29 யூனிட் மிச்சம். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பே சொல்கிறது. கோடை முடியும் வரை 26-இல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள்.

மற்றபடி இந்த 500 யூனிட் கோடு நியாயமா என்றால், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வசதி உள்ளவர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரே மீட்டரில் தாத்தா பாட்டி, பேரக்குழந்தைகள் வரை ஏழு பேர் இருக்கிற கூட்டுக் குடும்பத்தையும், இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஃப்ளாட்டையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது இந்த முறை.

பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் மாடியில் சோலார் போட மானியம் கிடைக்கிறது, உடனே போடுங்கள் என்று தினமும் போன் வருகிறது. எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 250 யூனிட்தான் ஆகிறது. போடலாமா? போட்டால் பவர் கட் நேரத்திலும் கரண்ட் இருக்குமா?
*வாசகர், திருச்சி*

250 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது 470 ரூபாய். வருடத்துக்கு மூவாயிரம் கூட ஆகாது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்த லட்ச ரூபாய்க்கு மேல் போட வேண்டாம். போன் செய்பவர் இதைச் சொல்ல மாட்டார், ஆகவே நான் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டாம்.

700 யூனிட் ஆகிற வீட்டுக்குக் கதை வேறு. அவர்களுக்கு பில் 3,825 ரூபாய், வருடத்துக்கு 23,000 சுமார். ஒரு கிலோவாட் சோலார் நம் வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும், 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டை ஒட்டி வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதமும், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். மானியம் போகக் கைக்காசு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும், போட்டவர்களுக்கு ஐந்தாறு வருடத்தில் திரும்பி வந்துவிடும், பேனல் அதற்கப்புறமும் பல ஆண்டுகள் உழைக்கும். போடுவதற்கு முன் உங்கள் பகுதி ஈ.பி. அலுவலகத்தில் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் டிரான்ஸ்பார்மரில் இடம் இருக்கிறதா, நெட் மீட்டர் (வீட்டுக்குள் வருகிற, வெளியே போகிற யூனிட் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைக்க எவ்வளவு நாள் ஆகும், கூடுதலாகப் போன யூனிட்டை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள். வாய் வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

பவர் கட்டில் கரண்ட் இருக்காது. நிறையப் பேர் போட்ட பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டு கோபப்படுகிறார்கள். சாதாரண சோலார் இன்வெர்ட்டர் (பேனலில் வரும் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), வெளியே லைன் செத்ததும் தானும் நின்றுவிடும், அப்படித்தான் அதை அமைக்க வேண்டும் என்பது விதி. காரணம் லைன்மேன். கரண்ட் இல்லை என்று நினைத்து அவர் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். பவர் கட்டிலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கணிசமாகக் கூடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உங்களைப் பற்றியதில்லை, நம் எல்லோரையும் பற்றியது. வசதியான வீடுகள் எல்லாம் மாடியில் சோலார் போட்டு, பில்லை ஏறக்குறைய பூஜ்யமாக்கிக்கொண்டு, இரவில் மட்டும் ஈ.பி. கம்பியைப் பயன்படுத்திக்கொண்டால், அந்தக் கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர் செலவை மிச்சமிருப்பவர்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும். மிச்சமிருப்பவர்கள் யார்? வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஓட்டு வீட்டில் இருப்பவர்கள், அடுக்குமாடியில் மொட்டை மாடி தனக்கென்று இல்லாதவர்கள். இதற்கு விடை, மாடி சோலாரைத் தடுப்பது ஆகாது. ஊருக்கு வெளியே ஒரு பொதுச் சோலாரில் இவர்களும் பங்கு வாங்கி, தங்கள் பில்லில் கழித்துக்கொள்ள வழி செய்வதுதான் விடை. மானியப் பணம் அந்தப் பக்கமும் கொஞ்சம் போக வேண்டும்.

குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்றார்கள். பிறகு புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. கடன்பட்டு சோலார் போட்ட எங்களிடம் அதை நிறுத்தச் சொல்வது எந்த வகையில் நியாயம்? சூரிய மின்சாரம் ஆபத்தானதா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி கடந்த நேரம். பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் கோளாறு ஏற்பட்டது என்று அமைச்சர் சொன்னதைத்தான் உலகம் முழுக்கச் செய்தியாகப் போட்டார்கள். ஆனால் ஒரு துணை மின்நிலையத்தில் கோளாறு வந்தால் அந்தப் பகுதி இருள்வதுதான் வழக்கம். நாடு முழுக்க ஏன் போனது என்பதுதான் கேட்க வேண்டியது. ஞாயிறு என்பதால் தொழிற்சாலை, அலுவலகத் தேவை குறைவு. வெயில் நன்றாக அடித்ததால் கூரை சோலார் நிறைய. ஆகவே சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன.

இந்தச் சுழற்சி ஏன் முக்கியம் என்றால், நம் கிரிட், அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை, 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 சுழற்சி) ஓடுகிறது, உற்பத்தியும் தேவையும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தால்தான் அது 50-இல் நிற்கும். அனல், நீர் மின்நிலையங்களில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும். திடீரென்று எங்கோ ஓர் இழப்பு வந்தால், ஓடுகிற மாட்டுவண்டி மாட்டை அவிழ்த்தாலும் கொஞ்ச தூரம் உருண்டு போகிற மாதிரி, அந்தக் கனம் சில நொடிகள் கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சில நொடிக்குள் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும். சோலார் பேனலில் சுற்றுவது எதுவும் இல்லை. சாதாரண இன்வெர்ட்டர் கிரிட் தடுமாறினால் தானும் கழன்றுகொள்ளும். ஆயிரக்கணக்கானவை ஒன்றாகக் கழன்றுகொண்டால் இழப்பு இன்னும் பெரிதாகும். அன்றைக்கு நுரைச்சோலை அனல் மின்நிலையமும் சேர்ந்து விழுந்து, அதை மறுபடி ஓட்ட நாளானதால், அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு போட வேண்டியதாயிற்று.

உங்கள் தீவுக்கு ஒரு கூடுதல் கஷ்டம், பக்கத்து வீடு இல்லை. தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநில கிரிட்டும் 2013 டிசம்பர் 31 வரை நாட்டின் மற்ற கிரிட்டோடு ஒத்திசைவாக இணையாமல்தான் இருந்தது. ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வந்த பிறகு இங்கே ஒரு பெரிய உற்பத்தி இயந்திரம் திடீரென்று நின்றாலும் நாடு முழுக்க இருக்கும் இயந்திரங்கள் சேர்ந்து தாங்குகின்றன. மதுரைக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே இணைப்பு போடுவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள், பேச்சாகவே இருக்கிறது.

சூரிய மின்சாரம் ஆபத்தானதா என்றால், இல்லை. கட்டுப்படுத்த முடியாத சூரிய மின்சாரம்தான் பிரச்சினை. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் மதியம் பன்னிரண்டரைக்கு மொத்தமாக இருண்டபோதும் உடனே சோலாரைக் குற்றம் சொன்னார்கள். ஸ்பெயின் அரசு ஜூனில் வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரி சொன்னது: மின்னழுத்தம் கட்டுமீறி ஏறியபோது அதை அடக்க வேண்டிய பொறுப்பில் இருந்த வழக்கமான மின்நிலையங்கள் போதுமானபடி அடக்கவில்லை, அந்த வேலையைச் செய்யச் சோலார் நிலையங்களிடம் கேட்கப்படவே இல்லை. பேட்டரியோடு சரியான இன்வெர்ட்டர் வைத்தால் அதுவே கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கும். தெற்கு ஆஸ்திரேலியா 2016 செப்டம்பரில் புயலில் முழுசாக இருண்டது. அடுத்த ஆண்டு கடைசியில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள், காற்றாலையைக் கைவிடவில்லை.

உங்களை நிறுத்தச் சொன்னது நியாயமா? ஏப்ரல் 13 முதல் 21 வரை, தேவை அடியோடு குறைந்த விடுமுறை நாட்களில், மீண்டும் ஒரு பெப்ரவரி 9 வராமல் தடுக்கக் கேட்டார்கள், அந்த அவசரத்தில் வேறு வழி அவர்களிடம் இருக்கவில்லை. ஆனால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பேட்டரியும் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டரும் கேட்டு விதி போட்டிருந்தால் மக்களிடம் வந்து கெஞ்ச வேண்டியிருந்திருக்காது. நிறுத்தியவர்களுக்கு அந்த யூனிட்டுக்கு ஈடு கொடுப்பதுதான் முறை. அப்புறம், 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தது வெயிலாலோ காற்றாலோ இல்லை, எண்ணெய் வாங்க டொலர் இல்லாததால். அதை யாரும் மறந்துவிடக் கூடாது. மன்னார்க் காற்றுக்கும் யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் டொலர் தேவையில்லை.

நான் கல்லூரியில் படிக்கிறேன். அனல் மின்நிலையத்தை எல்லாம் ஏன் இன்றைக்கே மூடக் கூடாது?
*வாசகி, தூத்துக்குடி*

உங்கள் ஊர் அனல் மின்நிலையத்தில் ஐந்து யூனிட் (தனித்தனி உற்பத்தி இயந்திரங்கள்), ஒவ்வொன்றும் 210 மெகாவாட், முதலாவது 1979-இல் ஓட ஆரம்பித்தது. அதன் சாம்பலும் புகையும் எந்த வீட்டுத் துணியில் படிகிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோரம் மீன் பிடிப்பவர்களின் நிலைமை தெரியும். நிலக்கரி மின்சாரம் மலிவு என்று சொல்கிற எந்தக் கணக்கிலும் அந்த ஆறு வராது. ஆகவே மூட வேண்டும் என்பதில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான்.

இன்றைக்கே மூடினால் இன்று மாலை ஏழு மணிக்கு விளக்கு எரியாது, அவ்வளவுதான் தடை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி ஒரு நாளில், காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன், சூரியன் இறங்கிய பிறகு, நீர்மின்சாரமும் கூடங்குளமும் மட்டும் நம்மைத் தாங்காது. கஷ்டம் என்னவென்றால் பழைய அனல் யூனிட்டை விருப்பப்படி ஏற்றி இறக்க முடியாது. இப்போதைக்கு 55 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் ஓட்டுகிறார்கள், முழுக்க நிறுத்திக் குளிரவிட்டால் மறுபடி கிளப்ப அரை நாளுக்கு மேல் ஆகும். அதனால் மாலையில் வேண்டும் என்பதற்காக மதியமும் ஓட்டுகிறார்கள். அதற்கு இடம் விட மதியம் வருகிற சோலாரை நிறுத்தச் சொல்கிறார்கள். வெயிலை வீணாக்கிவிட்டு நிலக்கரியை எரிக்கிறோம்.

நான் கேட்பது இது: பழைய யூனிட்டுகளை மாலை நேரத்துக்கும் காற்றில்லாத மாதங்களுக்கும் மட்டும் ஓட்டும் ரிசர்வாக மாற்றி, ஒவ்வொன்றையும் எந்த வருடம் மூடுவோம் என்று தேதி சொல்லி, அங்கே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே தேதிக்குள் வேறு வேலைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இன்னொரு 25 வருட நிலக்கரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு நாளில் நான்கு மணி நேரத் தேவைக்காக இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் நிலைக்கட்டணம் கட்டும் ஒப்பந்தம்தான் உங்கள் தலைமுறையின் பில்லை ஏற்றப்போவது.

அந்தப் பேட்டரி, பேட்டரி என்கிறார்களே, அது கட்டுப்படியாகுமா?
*வாசகர், ஈரோடு*

ரெண்டு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். 2022-இல் நாட்டின் முதல் பெரிய பேட்டரி ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10.8 லட்சம் ரூபாய் அளவில் வந்தது. 2024 கடைசியில் ராஜஸ்தானில் அதுவே, மத்திய அரசின் உதவித்தொகையோடு, 2.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மெகாவாட், இரண்டு மணி நேரப் பேட்டரி, தினம் ஒரு முறை ஏற்றி இறக்கினால் மாதம் 60,000 யூனிட், யூனிட்டுக்கு வாடகை மூன்றே முக்கால் ரூபாய்க்கு உள்ளே. மதியம் மூன்று ரூபாய்க்கு வாங்கி, ஏற்றி இறக்குவதில் போகும் இழப்பையும் சேர்த்தால் மாலையில் ஏழு ரூபாய் சுமார். சந்தையில் 10 ரூபாய்க்கு வாங்குவதைவிட இது மலிவு, தினம் இரண்டு முறை ஓட்டினால் இன்னும் மலிவு. தமிழ்நாடும் இப்போது பேட்டரிக்கு ஏலம் விட்டிருக்கிறது, விட்டதோடு நிற்காமல் சீக்கிரம் நிறுவ வேண்டும்.

பேட்டரி சில மணி நேரத்துக்கு. அதைவிட நீண்ட நேரத்துக்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது, ஆனைமலையில் காடம்பாறை. 400 மெகாவாட், 1980-களின் கடைசியில் வந்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே இருக்கும் அப்பர் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது திறந்துவிடுவார்கள். நீலகிரியில் குந்தாவில் இதே போல 500 மெகாவாட்டுக்கு, போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி–எமரால்டு அணைகளுக்கும் இடையே வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அது முன்பே முடிந்திருந்தால் எத்தனை கோடைகளில் 10 ரூபாய் மின்சாரம் வாங்காமல் இருந்திருப்போம்! புதிதாகக் காட்டுக்குள் அணை கட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு, இருக்கிற இரண்டு அணைகளை இணைக்கும் வேலையில் அந்தத் தயக்கம் குறைவு.

மோட்டருக்கு மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்தால் பாம்புக்கும் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பகலில் தர முடியாதா?
*விவசாயி, புதுக்கோட்டை*

தர முடியும், தர வேண்டும், இப்போது அது மின்வாரியத்துக்கும் லாபம். ஒரு காலத்தில் இரவில் மின்சாரம் மிஞ்சியது, ஆகவே மோட்டரை இரவுக்குத் தள்ளினார்கள். இப்போது மிஞ்சுவது பகல் பத்திலிருந்து மூன்று வரை. 23 லட்சத்துக்கு மேல் இருக்கும் விவசாய இணைப்புகளை வெயில் நேரத்துக்குக் கொண்டுவந்தாலே பெரிய பேட்டரி வைத்த மாதிரி ஆகும். விவசாய ஃபீடரை, அதாவது துணை மின்நிலையத்திலிருந்து மோட்டர்களுக்கு வரும் லைனை, தனியாகப் பிரித்து, துணை மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே சோலார் போட்டு, பகலில் மட்டும் அந்த ஃபீடருக்கு விடுவதற்கு மத்திய அரசின் குசும் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. உங்கள் ஃபீடர் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள், ஊராட்சியில் கிராமசபைத் தீர்மானமாகவும் போடுங்கள். தனியாக சோலார் பம்ப் வேண்டுமென்றால் வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள்: வெயில் இலவசம் என்று நாள் முழுக்க ஓடவிடாதீர்கள், கிணற்றுத் தண்ணீர் உங்கள் பேரனுக்கும் வேண்டும்.

சிறிய பின்னலாடைப் பட்டறை வைத்திருக்கிறேன். நேரத்துக்கு ஒரு கட்டணம் என்கிறார்கள், இனி வீட்டுக்கும் வருமாம். இது நல்லதா கெட்டதா?
*வாசகர், திருப்பூர்*

பெரிய ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்புகளுக்கு ஏற்கெனவே காலை, மாலை உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் இருக்கிறது. 2023 ஜூனில் வந்த மத்திய அரசு விதி, வெயில் நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது, ஸ்மார்ட் மீட்டர் வைத்த பிறகு, விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும். உங்களுக்கு அதில் லாபம் பார்க்க வழி இருக்கிறது: சாயம், உலர்த்துதல் மாதிரி கரண்ட் அதிகம் இழுக்கும் வேலையைப் பகல் ஷிப்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

வீடுகளுக்கு என்றால் எனக்குக் கவலை உண்டு. பகலில் வேலைக்குப் போய்விட்டு ஆறரைக்கு வந்து சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண் தன் கரண்ட் தேவையை மதியத்துக்கு எப்படி நகர்த்துவாள்? முதலில் பகலில் தள்ளுபடி கொடுங்கள், மக்கள் பழகட்டும். 500 யூனிட்டுக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கு மாலை நேரத் தண்டனை வேண்டவே வேண்டாம். ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் திருத்தும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்கும், அப்போது உங்கள் சங்கம் வழியாக இதையும் எழுதிக் கொடுங்கள்.

மின்மிகை மாநிலம் என்கிறார்கள். எங்கள் தெருவில் கோடை இரவில் பதினோரு மணிக்கு லோ வோல்டேஜ், அப்புறம் டமால் என்று சத்தம், விடியும் வரை இருட்டு. எந்தச் சோலார் இதைச் சரிசெய்யும்?
*வாசகி, சென்னை*

எதுவும் சரிசெய்யாது. இது உற்பத்திப் பிரச்சினை இல்லை, உங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் பிரச்சினை. பத்து வீட்டில் ஏ.சி. இருந்த காலத்தில் வைத்த டிரான்ஸ்பார்மரில் இன்று நூறு ஏ.சி. ஓடுகிறது, பகல் முழுக்க வெயிலில் காய்ந்த அதன் உள்ளிருக்கும் எண்ணெய் இரவிலும் ஆறாமல் சூடேறி, ஃபியூஸோ கேபிளோ போகிறது. 800 கிலோவோல்ட் லைனில் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகலூர் வரைக்கும் 6,000 மெகாவாட் கொண்டுவந்துவிட்டோம், உங்கள் தெரு முனையிலிருந்து வீட்டுக்கு ஐம்பது மீட்டர் கொண்டுவர முடியவில்லை. மின்தடை என்று மக்கள் அனுபவிப்பதில் பெரும்பகுதி இந்தக் கடைசி ஐம்பது மீட்டரில்தான் நடக்கிறது, ஆனால் பணமும் பேச்சும் உற்பத்தி பக்கமே போகின்றன. காலியாகக் கிடக்கிற லைன்மேன் பணியிடங்களும் இதோடு சேர்ந்ததுதான், ஒருவர் மூன்று பேர் வேலையைப் பார்த்தால் ராத்திரி உங்கள் தெருவுக்கு வர விடிந்துதான் விடும்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு தடையையும் மின்னகம் எண் 94987 94987-இல் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதிவையுங்கள். தெருவில் எத்தனை ஏ.சி. என்று ஒரு பட்டியல் எடுங்கள். அனுமதித்த லோடுக்கு மேல் ஓட்டுகிறவர்கள் லோடைக் கூட்டி எழுதிக் கொடுக்கட்டும். பலர் கட்டணத்துக்குப் பயந்து இதைச் செய்வதில்லை, ஆனால் அலுவலகக் காகிதத்தில் லோடு ஏறாமல் புது டிரான்ஸ்பார்மருக்கு அனுமதி வாங்குவது கஷ்டம். எல்லாவற்றையும் சேர்த்துச் செயற்பொறியாளரிடம் தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை. மார்ச் மாதத்துக்குள் கொடுங்கள், மே மாதத்தில் கொடுத்தால் டிரான்ஸ்பார்மருக்கு நீங்கள் கடைசி வரிசையில் நிற்பீர்கள்.